இரவு ஒன்பது மணிக்கும் சுடும் தளம்: டெல்டா வீட்டை வெயிலிலிருந்து காக்கும் வழி

சித்திரையில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறையின் மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் இறங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். நாகப்பட்டினம் பக்கமாக இருந்தால் கடற்காற்றுகூட எழுந்திருக்கும். தெருவில் நிற்பவருக்கு இதமாக இருக்கும். உங்கள் கை பட்ட இடம் மட்டும் காய்ச்சல்காரர் நெற்றியைப் போல இருக்கும்.

அந்தச் சூட்டுக்கு அடியில்தான் நாம் விடியும்வரை படுத்திருக்கிறோம். விசிறி அந்தத் தளத்தை ஒட்டிய காற்றை இழுத்து நம்மேல் இறக்குகிறது. ஏசி போட்டாலோ, அது அறையை மட்டும் குளிர்விப்பதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டோடும் சேர்ந்து மல்லுக்கட்டுகிறது. அந்த மல்லுக்கட்டுக்கான காசுதான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும்போது நம் கைக்கு வருகிறது.

குளிர்நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டைப் பற்றிப் பேசும்போது, சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் பஞ்சுபோல ஏதோ அடைத்திருப்பதாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் கூரைப் பரணில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி இழைப் பஞ்சு விரிக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு உள்ளே மூட்டிய சூடு வெளியே போகக் கூடாது. நமக்கு வெளியே அடிக்கும் சூடு உள்ளே வரக் கூடாது. அடிப்படை ஒன்றுதான். ஆனால் அவர்கள் செய்வதை அப்படியே எடுத்துவந்து இங்கே வைத்தால் சரிப்படாது. நம் சூடு முக்கால்வாசி தலைக்கு மேலிருந்து வருகிறது, நம் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

புதிதாக வீடு கட்டியவர்கள், தொகுப்பு வீட்டுக்குக் குடிபோனவர்கள், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்டவர்கள், இவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே கோடையில் செய்ய வேண்டியதில்லை. வரிசை தவறாமல் செய்தால் போதும்.

முதலில் வெயில் எங்கே அடிக்கிறது என்று பாருங்கள்

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நம் நிழல் நம் காலுக்குள்ளேயே கிடக்கும். இடைப்பட்ட மாதங்களில் அது சற்றே வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். ஆகவே, கோடையில் தெற்குச் சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அடி வாங்குவது மொட்டைமாடி. அதற்கடுத்து மேற்குச் சுவர். கிழக்குச் சுவரும் வெயில் வாங்கும். ஆனால் அது காலை வெயில், மாலைக்குள் ஆறிவிடும்.

கோடை நடுப்பகலில் மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 900 வாட்டுக்கு மேல் வெயில் விழுகிறது. 600 சதுர அடித் தளம் என்றால் ஏறக்குறைய 56 சதுர மீட்டர். மொத்தம் 50 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி முழு மூச்சோடு ஓடினால் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். விழும் வெயில் முழுவதும் வீட்டுக்குள் இறங்கிவிடுவதில்லை, பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இறங்கும் பங்கே நமக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வெயிலை மாடியிலேயே நிறுத்துங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நம் பழைய வீடுகள் இதை அறிந்து கட்டப்பட்டவை. என் அப்பா பிறந்த வீடு மன்னார்குடிப் பக்கத்து கிராமம் ஒன்றில் இருந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீண்டு போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டியிருந்ததால் நெடுஞ்சுவர்களில் வெயிலே படாது. நாட்டு ஓடு மெல்லியது. சீக்கிரம் சுடும், அந்தி சாய்ந்ததும் சீக்கிரம் ஆறியும்விடும். ஓட்டு இடுக்குகளிலும் முற்றத்திலும் சூடான காற்று மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வீடுகளை அப்படியே திரும்பக் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வருடா வருடம் ஓடு மாற்றிய கஷ்டமும், மழை இரவில் கூடமெங்கும் பாத்திரம் வைத்த கஷ்டமும் எனக்குத் தெரியும். கான்கிரீட் தளம் புயலுக்குத் தாங்கும். ஆனால் நான்கைந்து அங்குலக் கான்கிரீட் வெயிலைத் தேக்கி வைத்துக்கொள்ளும் பண்டம். மதியம் வாங்கியதைச் சில மணி நேரம் கழித்து, சரியாக நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்கும். பழைய வீடு கூரையிலேயே செய்துவந்த காரியத்தை இந்தத் தளத்துக்கும் நாம் செய்து கொடுக்க வேண்டும்.

ஒழுகும் தளத்தை மூடாதீர்கள்

இதில்தான் நான் அடிபட்டேன், அதனால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

வீடு கட்டிய மூன்றாவது வருடம், மாடியில் வெள்ளை ஓடு பதித்தால் குளுகுளுவென்று இருக்கும் என்று கேள்விப்பட்டு, பங்குனியில் ஆள் வைத்துப் பதித்தேன். அந்தக் கோடை நன்றாகத்தான் போனது. ஐப்பசி பிறந்து பத்து நாளில் கூடத்து விசிறிக் கொக்கியைச் சுற்றி ஈர வட்டம் விழுந்தது. கார்த்திகையில் சொட்டியது. மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர். பிள்ளைகள் படுக்கும் அறை. தளத்தில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு இருந்திருக்கிறது. ஓட்டுக்கு அடியில் போன தண்ணீர் வெயிலில் காயவும் வழியில்லாமல் அங்கேயே தேங்கி, வெடிப்பைத் தேடி இறங்கிவிட்டது. எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்க ஓட்டை உடைத்தே ஆக வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு. அந்த மழைக்காலத்தில் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

ஆகவே முதல் வேலை, தளம் தண்ணீரைத் தாங்குகிறதா என்ற சோதனை. வயலுக்கு வரப்பு கட்டுவதைப்போல மாடியில் சிமெண்டுக் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, வடிகுழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். இரண்டு முழு நாளாவது நிற்கட்டும். கீழே வந்து தளத்தின் அடிப்பக்கத்தையும், சுவரும் தளமும் சேரும் மூலைகளையும் பாருங்கள். எங்காவது ஓதம் தெரிந்தால் சாக்பீஸால் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள். வெடிப்பை அடைக்க ஆள் வரும்போது அந்த வட்டங்கள்தான் வரைபடம்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம், வடிகுழாய் வாய், தண்ணீர்த் தொட்டியின் குழாய் இறங்கும் துளை, டிஷ் ஆண்டெனாவுக்காக அடித்த போல்ட்டு, இந்த நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். மூலையைக் கோணமாக விடாமல் கலவையால் உருட்டிப் பூசச் சொல்லுங்கள். பிறகு வாட்டம். பாத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டு அரைமணி கழித்துப் பாருங்கள். எங்காவது குளம்போல நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை. என் வீட்டை இரண்டாம் முறை சரிசெய்த மேஸ்திரி சொன்னார்: “ஓடுற தண்ணியால வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க ஐயா. நிக்கிற தண்ணிதான் உள்ள எறங்கும்.” ரசமட்டம் வைத்துக் காட்டியும் கொடுத்தார்.

மாசியிலேயே இந்தச் சோதனையை முடித்துவிட்டால், பங்குனிக்குள் மேல்வேலை நடக்கும். அக்னி நட்சத்திரத்துக்கு முன் வீடு தயாராகிவிடும்.

மிக மலிவான வழி: சுண்ணாம்பு

கையில் காசு குறைவு என்றால், இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். எல்லோரும் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாசி படர்ந்து கறுத்துப்போன கான்கிரீட் தளம் தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் முக்கால் பங்கைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். மே மாத மதியத்தில் 60 டிகிரியைத் தொடும் கருந்தளம் வெள்ளையடித்தபின் பதினைந்து டிகிரிக்கு மேல் தணிந்து நிற்கும். வெறுங்காலோடு மாடியில் நடந்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

செய்முறை இதுதான். மாடியைத் தென்னந்துடைப்பம், கம்பித் தூரிகை கொண்டு பாசியும் பொருக்கும் போகத் தேய்த்துக் கழுவுங்கள். நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், உருகிவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கலக்குபவர் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே கால்மணி நேரமாவது நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் முழுக்க ஊறியபின் பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன்பெல்லாம் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள். இப்போது ஃபெவிகால் சேர்க்கிறார்கள். சுவருக்குச் சேர்ப்பதுபோல நீலம் சேர்க்க வேண்டாம். தளத்துக்குப் பளிச்சென்ற வெள்ளைதான் வேலை செய்யும்.

வெயில் தாழ்ந்தபின், தளத்தை நனைத்துவிட்டு அடியுங்கள். கனமாக ஒரே பூச்சாக அடித்தால் தோல்தோலாக உரியும். மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. கைப்பிடிச் சுவரின் உட்புறத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இதற்கு இரண்டு குறைகள். வடகிழக்குப் பருவமழை பாதியைக் கழுவிக்கொண்டு போய்விடும், ஆகவே வருடா வருடம் மாசி பங்குனியில் அடிக்க வேண்டும். அடுத்தது, மாடியில் நெல்லோ உளுந்தோ மிளகாயோ காயப்போடும் வீடாக இருந்தால் சுண்ணாம்புப் பொடி அதில் ஒட்டும். வத்தல் வடகத்துக்குப் பாய் விரித்துச் சமாளிக்கலாம். நான்கு மூட்டை நெல் காயவைக்கும் வீட்டில் சமாளிக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் மாடியில் ஒரு பகுதியை விட்டுவிட்டு, படுக்கையறைக்கு மேலே வரும் பகுதிக்கு மட்டும் அடிக்கலாம். கடையில் விற்கும் வெயில் எதிர்ப்புப் பெயிண்டு சில வருடம் தாங்கும், மழையில் போகாது. ஆனால் எந்த வெள்ளையும் அழுக்கேறினால் பலன் போய்விடும். அறுவடை நேரத்தில் பறக்கும் தூசியும் கருக்காயும் படியும். மாதம் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

சுருக்கியா, வெள்ளை ஓடா, தெர்மோகோல் பலகையா

நிரந்தரமாகச் செய்ய நினைப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

சுருக்கி நம் ஊர்ச் சொத்து. செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளும் வரை அடிக்க வேண்டும் என்பது கணக்கு. அதன்மேல் தட்டையான சுட்ட ஓடு, அதாவது தட்டோடு, பதிப்பார்கள். இப்படிப் போட்ட தளம் தண்ணீரையும் தடுக்கும், சூட்டையும் தாமதப்படுத்தும், கான்கிரீட்டைப்போல வெடிக்காது. அடிக்கத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைந்துவிட்டார்கள், நாள்கூலியும் கூடிவிட்டது. அதனால் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் கொட்டிவிட்டு அதையும் சுருக்கி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிமெண்டு இறுகி வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். முறையாக அடிக்கும் ஆள் கிடைத்தால் மட்டும் சுருக்கி போடுங்கள். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: மூன்று அங்குலச் சுருக்கி சதுர அடிக்கு 12, 13 கிலோ கனக்கும். 600 சதுர அடிக்கு ஏழெட்டு டன். பழைய தளம், கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த தளம் என்றால், பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் இந்தப் பாரத்தை ஏற்றவே கூடாது. தட்டோட்டின் சிவப்பும் வெயிலை உறிஞ்சும் நிறம்தான். அதன்மேலும் வெள்ளை அடித்துவிட்டால் பலன் இரட்டிப்பு.

வெள்ளை ஓடு, அதாவது கூல் ரூஃப் டைல்ஸ், பதித்துவிட்டால் வருடா வருடம் வேலையில்லை. வழவழப்பானதை வாங்காதீர்கள், மழையில் வழுக்கும், சொரசொரப்பானதைக் கேளுங்கள். இணைப்புகளை நன்றாக அடைக்க வேண்டும். உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைக் கடையில் மலிவாக வாங்கிப் பதிப்பதும் உண்டு, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இணைப்பு அதிகமாக அதிகமாக அடைக்கும் வேலையும் அதிகம்.

தெர்மோகோல் பலகைதான் குளிர்நாட்டு வழிக்கு நெருக்கமானது. இரண்டங்குலத் தெர்மோகோல் தடுக்கும் சூட்டைக் கான்கிரீட்டால் தடுக்க நினைத்தால் ஏறக்குறைய ஏழு அடிக் கனத்துக்குக் கொட்ட வேண்டும். பொட்டலம் கட்ட வரும் உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் இதற்கு வேண்டாம். ‘எக்ஸ்பிஎஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் இறுக்கமான பலகையாக வரும், தண்ணீர் குடிக்காது. நம் மழைக்கு அதுதான் முக்கியம். தண்ணீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் இந்தப் பலகை, அதன்மேல் துணிவிரிப்பு, கோழிவலை வைத்து இரண்டங்குலக் கலவை, பிறகு ஓடு. வீடுகளுக்காக 2018இல் வெளிவந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற இந்திய மின்சிக்கன விதித்தொகுப்பு, கூரை வழியாக வெப்பம் கடப்பதற்கு ஓர் உச்ச எல்லை வைத்திருக்கிறது: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும். ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் போட்டாலே எல்லைக்குள் வந்துவிடலாம். இரண்டு அங்குலத்துக்கு மேல் போடச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். மேலே வெள்ளை ஓடும் வரும்போது நமக்கு அவ்வளவு தேவைப்படாது.

இதே பலகையை அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்காக அடிக்கலாமே என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். வெயில் தளத்துக்குள் இறங்கியபின் தடுப்பதில் பாதிப் பலன்தான். ஒழுகல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். திறந்தபடி இருக்கும் தெர்மோகோல் தீப்பிடித்தால் நச்சுப்புகை வேறு. மாடி உங்களுடையதாக இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறு வழியில்லாவிட்டால், அறைப் பக்கம் தெரியாதபடி ஜிப்சம் பலகையால் மூடி அடியுங்கள்.

நிழல், புயல், தீ

மாடியில் ஏழெட்டு அடி உயரத்தில் பந்தல் போட்டு நான்கு பக்கமும் திறந்துவிட்டால், மேலே சொன்ன எதற்கும் குறையாத பலன் கிடைக்கும். வெயில் தளத்தைத் தொடுவதே இல்லை, இடையில் காற்றும் ஓடுகிறது. சவுக்குக் கால், மூங்கில், கீற்று எல்லாம் டெல்டாவில் கிடைப்பவை. ஆனால் கீற்று விஷயத்தில் என்னால் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் அந்த நாளை மறக்கவில்லை. பக்கத்தில் அடுப்புப் புகைபோக்கி, மின்கம்பி, தீபாவளி ராக்கெட் வந்து விழும் நெருக்கமான தெரு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கீற்று வேண்டாம். பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். கீற்றைத் தளத்தின்மேல் நேராகப் பரப்புவதும் வேண்டாம். தேளும் எலியும் குடியேறும், தளம் ஈரத்தில் ஊறும்.

வலையையும் புரட்டாசியிலேயே கழற்றி உருட்டி வைத்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எத்தனையோ வீட்டு மாடித் தகரங்கள் பறந்து போயின. தகரக் கொட்டகை போடுபவர்கள் தாழ்வாகப் போடாமல் உயரமாக, வெளிர்நிறத் தகட்டில், கால்களைத் தூண்களோடு போல்ட்டு போட்டு இறுக்கிப் போட வேண்டும். கைப்பிடிச் சுவர் செங்கல்லில் மட்டும் பிடித்து நிறுத்தினால் காற்றுக்கு நிற்காது.

மேற்குச் சுவர்

மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் சாய்வாக வந்து மேற்குச் சுவரில் அறையும். ஒன்பதங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுவர ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதாவது நாம் படுக்கும் நேரம். முதலில் காசில்லாத வேலை: கட்டிலை மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் நகர்த்துங்கள். வீடு இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் குளியலறை, மாடிப்படி, நெல் வைக்கும் அறை மூன்றையும் மேற்கே தள்ளிவிடுங்கள்.

சுவரிலிருந்து அரையடி தள்ளி மூங்கில் தட்டி நிறுத்தி, அதில் அவரையோ பீர்க்கனோ சங்குப்பூவோ ஏற்றலாம். கொல்லை மேற்கே இருந்தால் வாழையைப்போல வேறில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் தானே வளரும். சுவருக்கு நாலடி தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓதம் ஏறும். இடமிருந்தால் இன்னும் தள்ளி ஒரு புங்கையோ வேம்போ. தென்னை வேண்டாம். அதன் நிழல் சுவருக்கு எட்டாது, புயலில் கூரைக்கு அது பயம்.

ஜன்னலுக்கு ஒரே விதி: மறைப்பு வெளியே இருக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலை தடுத்து என்ன பயன்? சீலையே சூடாகி அறைக்குள் தொங்கும். மேற்கு ஜன்னலில் இரண்டடி சன்ஷேடு நாலு மணி வெயிலுக்கு உதவாது, வெயில் அதற்குக் கீழே நுழைந்துவிடும். சன்ஷேடிலிருந்து கோரைத் தட்டியோ மூங்கில் தட்டியோ வெளிப்பக்கம் தொங்கவிட்டு, மாலையில் சுருட்டிக் கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது தஞ்சாவூர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வறண்ட மதியத்துக்கு நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் புழுக்கம்தான் கூடும்.

ஏசி இருக்கும் அறை

தளத்தையும் சுவரையும் கவனித்தபின் ஏசிக்கு வாருங்கள். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். அறை குளிரவில்லை என்று ஒரு டன்னைக் கொடுத்துவிட்டு இரண்டு டன் வாங்குகிறார்கள்.

ஏசியிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீரை ஓரிரவு வாளியில் பிடித்து அளந்து வையுங்கள். காற்றிலிருந்த ஈரம்தான் அது. ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்க ஏசி ஏறக்குறைய 0.2 யூனிட் மின்சாரம் செலவழிக்கும். பத்து லிட்டர் வாளி நிறைந்தால் இரண்டு யூனிட். மூச்சுவிடும் ஆட்களால் வரும் ஈரம் கொஞ்சம்; மற்றதெல்லாம் கதவடி, ஜன்னல் இடுக்கு, வெண்டிலேட்டர் வழியாக வெளிக்காற்றோடு வந்தது. கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், அதுவரை பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் சட்டத்தில் பஞ்சுப் பட்டை. வெண்டிலேட்டருக்குத் திறந்து மூடக்கூடிய கண்ணாடி. ஏசிக் குழாய் போகும் துளையைச் சுற்றிக் களிம்பு. ஒரு வாரம் கழித்து மறுபடி வாளியில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் குறைந்திருக்கும். இப்படி அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றாதீர்கள். அடுப்பு இருக்கும் அறையை ஒருபோதும் இப்படி அடைக்காதீர்கள்.

வெப்பநிலையை 24க்குக் கீழே இறக்காமல், விசிறியைச் சேர்த்து மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய மின்சிக்கன அமைப்பான பிஇஇயின் கணக்கு. ஏசியின் வெளிப்பெட்டி மேற்கு வெயிலில் காயாமல் நிழலில் இருக்கட்டும்.

ஏசி இல்லாத இரவுகளில் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல்களைச் சாத்துங்கள். இரவு வெளிக்காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து, மாடிப்படி அறைக் கதவையும் கம்பிக்கதவோடு திறந்து வையுங்கள். சூடான காற்று படிவழியே மேலேறிப் போகும். முற்றம் செய்த வேலையை இப்போது மாடிப்படி செய்யும். கொசுவலை மட்டும் ஜன்னல்களுக்கு அடித்தாக வேண்டும்.

கணக்குப் பார்ப்பது

வேலை தொடங்கும் முன் மீட்டர் அட்டையில் போன வருடம் சித்திரை, வைகாசி ரீடிங்கை எடுத்துக் குறித்து வையுங்கள். இந்த வருடம் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிட வேண்டும், மார்கழியோடு ஒப்பிட்டால் ஏமாற்றிவிடும். கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் கடைசி ஐம்பது யூனிட்தான் விலை அதிகமான யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் இல்லாமல் போனது. 540இல் நிற்கும் ஒரு வீடு 490க்கு இறங்கினால் மிச்சம், ஐம்பது யூனிட்டின் விலையைவிட அதிகம். சுண்ணாம்பும் கதவடி ரப்பரும் கோரைத் தட்டியும் சேர்ந்து இந்த இறக்கத்தைப் பல வீடுகளில் தந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தளத்தைத் தொட வீட்டுக்காரரிடம் கேட்டாக வேண்டும். “மாடியில் சுண்ணாம்பு அடித்துக்கொள்கிறேன் ஐயா, செலவு என்னுடையது” என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. தயங்குபவரை ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் காப்பிக்குக் கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு, மேல்தளத்தில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.